கல்லிலே வரைந்த கேலி

காலையிலே பத்திரிகை வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அதனை முதலில் விரிப்பவர் யாராயினும், அவருடைய கண் முந்திப்போய் நிற்குமிடம் தலையங்கமன்று, கேலிச்சித்திரமே. பள்ளிக்குப் புறப்படும் சிறுவன் அதைப் பார்த்துச் சிரிக்கிறான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பாட்டனாரும் அதைப் பார்த்துச் சிரிக்கிறார். இருவரும் ஒன்றையே கண்டு சிரித்தார்களா என்பது வேறு விஷயம். நாலு கோடுகளால் ஒரு மந்திரியாரின் மூக்கை நீட்டிவிட்ட அந்தச் சித்திரக்காரர் யார், எங்கிருந்து வந்தார், அந்த மூக்குக்காக அவர் கொடுத்த விலை என்ன என்று நாம் கேட்பதில்லை. மறுநாள் அந்தத் தாள் பழந்தாளாகிவிடுகிறது.

அங்ஙனம் மறுநாளே பழந்தாளாகிப்போகும் படங்களை ஏறக்குறைய நாற்பது ஆண்டுக்காலம் இடைவிடாது வரைந்த ஒருவரின் சரிதத்தையே இன்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அவர் பெயர் ஒனோரே தோமியே. பிரெஞ்சு தேசத்தவர். கேலிச்சித்திரக்காரர், நூல்களுக்குப் படம் வரைந்தவர், சிற்பி, ஓவியர் என்று நான்கு பெயராலும் அவரை அழைக்கலாம். ஆனால் அவர் உயிரோடிருந்த காலத்திலே உலகம் அறிந்திருந்தது முதலாவது பெயரை மட்டுமே.

1808ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் திகதி மார்சேய் என்னும் துறைமுகப் பட்டினத்திலே தோமியே பிறந்தார். தந்தையார் சாளரங்களுக்குக் கண்ணாடி பொருத்துபவர். படங்களுக்குச் சட்டம் போடுவதும் அவர் தொழில். அத்தோடு நின்றிருந்தால் குடும்பம் அரைவயிறாவது நிறைந்திருக்கும். அவருக்கோ கவிஞராக வேண்டுமென்ற ஆசை. கவிதைக் கட்டைச் சுமந்துகொண்டு 1814இல் பாரிஸ் மாநகரத்துக்குப் புறப்பட்டுவிட்டார். இரண்டு ஆண்டுகளில் மனைவி மக்களும் பின்தொடர்ந்தனர். புகழ் எட்டிப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. வறுமை மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை.

ஆகவே பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே சிறுவன் உழைக்கப் போக வேண்டியதாயிற்று. முதலில் அமர்ந்தது நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றும் ஓர் உத்தியோகத்தரிடம். நம் நாட்டார் பிஸ்கால் என்று சொல்வார்களே, அத்தகையவர். கடன்பட்டவன் வீட்டுக் கட்டிலும் நாற்காலியும் தெருவுக்கு வருவதையும், கறுப்பு அங்கியணிந்த நியாயவாதிகள் நீதிமன்றத் தாழ்வாரத்திலே ஒருவர் காதில் ஒருவர் முணுமுணுப்பதையும் அந்தச் சிறுவன் அக்காலத்திலேயே பார்த்துவிட்டான். அடுத்த வேலை ஒரு புத்தகக் கடையில். அக்கடை இருந்த இடமோ பாரிஸ் நகரத்துப் பெருமக்களும் சோம்பேறிகளும் மாலைதோறும் உலாவித் திரியும் பலே ரோயால் என்னும் மாளிகைச் சுற்று. கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே மனிதர்களின் நடையையும் வயிற்றையும் தொப்பியையும் மனத்திலே பதித்துக்கொண்டான். பிற்காலத்தில் தோமியே எவரையும் எதிரே இருத்திவைத்து வரைந்ததில்லை என்பர். பார்த்தது மனத்தில் நின்றது. வேண்டியபோது கைக்கு வந்தது.

வரைவதைத் தவிர வேறொன்றிலும் பையனுக்கு நாட்டமில்லை என்பதைப் பெற்றோர் ஒருவாறு உணர்ந்து, பழஞ்சிற்பங்களைப் பேணிக்காத்துப் பெயர்பெற்ற அலெக்சாந்தர் லெனுவார் என்பவரிடம் மாணவனாகச் சேர்த்தார்கள். அங்கே பண்டைச் சிலைகளைப் பார்த்து வரைந்தான். ஆனால் சோறு போடும் வித்தை வேறிடத்திலிருந்து வந்தது. அதுதான் கல்லச்சு.

இந்தக் கல்லச்சைப் பற்றி மாணவர்களுக்காகச் சிறிது சொல்லவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே செனபெல்டர் என்னும் ஜெர்மானியர் கண்டுபிடித்த முறை இது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டா என்னும் ஒரே உண்மையின்மேல் நிற்பது. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக்கல் பலகையிலே கொழுப்புச் சேர்ந்த கறுப்புக் கோலினால் சித்திரக்காரர் படத்தை வரைகிறார். பின்பு கல்லைப் பக்குவப்படுத்தி நீரால் நனைக்கிறார்கள். வரையாத இடம் நீரை ஏற்றுக்கொள்கிறது. கொழுப்புக் கோடு நீரைத் தள்ளிவிடுகிறது. அதன்மேல் எண்ணெய் மையை உருட்டினால் மை கோட்டிலே மட்டும் பற்றுகிறது. காகிதத்தை வைத்து அழுத்தி எடுத்தால் படம் இடம்வலம் மாறி அச்சாகிறது. செப்புத் தகட்டிலோ மரக்கட்டையிலோ என்றால் ஓவியர் வரைந்ததை வேறொரு வேலைக்காரர் பல நாள் இருந்து செதுக்குவது வழக்கம். கல்லச்சிலோ ஓவியருடைய கையின் நடுக்கமும் வேகமும் அப்படியே வாசகனுக்குப் போய்ச் சேரும். நேற்று நடந்ததற்கு இன்று படம் போடலாம் என்ற நிலை இதனாலேயே வந்தது.

கல்மேல் எழுத்து அழியாது என்பது நம்மவர் வழக்கு. தோமியேயின் கல்லெழுத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வேண்டிய பிரதிகள் அச்சானதும் மணலும் நீரும் இட்டுக் கல்லைத் தேய்த்துவிடுவார்கள். அடுத்த வாரத்துப் படத்துக்கு அதே கல் திரும்பி வரும்.

பேரிக்காய் அரசர்

1830ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே பாரிஸ் மக்கள் கிளர்ந்தெழுந்து பத்தாம் சார்ள்ஸ் மன்னனை ஓட்டினார்கள். லூயி பிலிப் அரியணை ஏறினார். தம்மைக் குடிமக்களின் அரசர் என்று சொல்லிக்கொண்டவர். பத்திரிகைச் சுதந்திரத்துக்கும் வாக்குறுதி தந்தவர். அந்த வாக்குறுதியை உண்மையென்றே எடுத்துக்கொண்டவர் சார்ள் பிலிப்போன் என்னும் பத்திராதிபர். அவ்வாண்டு நவம்பரில் ‘லா கரிக்காத்யூர்’ என்னும் கேலிச்சித்திர வார இதழையும், 1832 டிசம்பரில் ‘லெ ஷரிவாரி’ என்னும் நாளிதழையும் அவர் தொடங்கினார். பின்னையதில் நாளுக்கொரு புதிய படம்!

பிலிப்போனுடைய குறும்பு ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல முடியவில்லை. அரசரை அவமதித்ததாக அவர்மேல் வழக்கு வந்தது. நீதிமன்றத்திலே அவர் நான்கு படங்களைக் காட்டினார். முதற்படம் அரசரின் முகம். இரண்டாவதில் கன்னம் சிறிது தொங்கியது; மூன்றாவதில் நெற்றி ஒடுங்கியது; நான்காவதில் வெறும் பேரிக்காய். ‘ஒப்புமை குற்றமென்றால் எந்தப் படத்தில் குற்றம் தொடங்குகிறது? பேரிக்காயையும் சிறையிலிடுவீர்களா?’ என்ற பொருள்பட அவர் வாதாடினார். பிரெஞ்சு மொழியிலே பேரிக்காய் என்பதற்கு மடையன் என்ற பொருளும் உண்டு. ஜூரிமார் அவரைத் தண்டித்தே விட்டனர். ஆயினும் அந்நாள் தொட்டுப் பாரிஸ் நகரத்துச் சுவர்களிலே சிறுபிள்ளைகள் கரித்துண்டால் பேரிக்காய் வரையத் தொடங்கிவிட்டார்கள்.

இந்தப் பிலிப்போன்தான் தோமியேயைக் கண்டெடுத்தவர். இளைஞருக்கு வயது இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ இருக்கும். 1831 டிசம்பரில் அவர் ஒரு படம் வரைந்தார். பழைய பிரெஞ்சுக் கதையொன்றில் வரும் கார்காந்துவா என்னும் பேருண்டி அரக்கனாக அரசர் ஆசனத்தில் அமர்ந்திருக்கிறார். அவருடைய வாயிலிருந்து தரைவரை ஒரு பலகை. எலும்புந்தோலுமான ஏழைகளிடம் வாங்கிய காசைக் கூடை கூடையாகச் சுமந்துகொண்டு சேவகர்கள் அப்பலகை வழியே ஏறி வாய்க்குள் கொட்டுகிறார்கள். ஆசனத்தின் கீழ்ப்புறமாகப் பட்டங்களும் பதவிகளும் வந்து விழ, கனவான்கள் பொறுக்குகிறார்கள். அவை எவ்வழியாக வந்து விழுகின்றன என்பதைக் குடும்பப் பத்திரிகையிலே நாம் விவரிப்பதற்கில்லை.

படத்துக்கு ஆறுமாதச் சிறையும் ஐந்நூறு பிராங்கு அபராதமும் விதிக்கப்பட்டன. தண்டனையை உடனே நிறைவேற்றாது விட்டுவைத்தார்கள். பையன் திருந்துவான் என்று எண்ணினார்கள் போலும். அவரோ மேலும் வரைந்தார். 1832 ஆகஸ்டு இறுதியில் பெற்றோர் வீட்டிலேயே அவரைக் கைதுசெய்து சாந்த் பெலாஷி சிறையில் அடைத்தார்கள். வீட்டில் செய்ததைப்போல நாலு மடங்கு வேலை இங்கே செய்கிறேன் என்று அவர் அங்கிருந்து ஒரு நண்பருக்கு எழுதினார். பின்பு ஒரு மனநோய் வைத்தியசாலைக்கு மாற்றி, எஞ்சிய காலத்தை அங்கே கழிக்கச் செய்து, 1833இன் தொடக்கத்தில் விடுவித்தார்கள்.

இக்காலத்தை ஒட்டியே இன்னொரு வித்தையும் அவருக்குக் கைவந்தது. சட்டசபைப் பிரமுகர்களின் தலைகளைக் களிமண்ணிலே சிறு சிறு பொம்மைகளாகப் பிடித்து வர்ணம் பூசி வைத்துக்கொண்டார். ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம்கூட வராது. அவற்றை மேசையிலே வைத்துப் பார்த்துக் கல்லிலே வரைவார். சுடாத பச்சைக் களிமண். ஆயினும் அவற்றில் முப்பத்தாறு தப்பிப் பிழைத்து இன்று பாரிஸ் ஓர்சே மியூசியத்திலே இருக்கின்றன. அந்தப் பிரபுக்களிற் பலரை அந்த மண்தலைகள் இல்லாவிட்டால் இன்று நினைப்பார் இல்லை.

ஒரு வீட்டின் அறை

1834 ஏப்ரல் மாதத்தில் லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர்களின் கிளர்ச்சி பாரிசுக்கும் பரவியது. திரான்ஸ்னொனேன் என்னும் ஒடுங்கிய தெருவில் ஒரு வீட்டிலிருந்து துப்பாக்கி சுடப்பட்டதாகக் கருதிய படைவீரர்கள் விடியற்காலையில் அவ்வீட்டினுள்ளே புகுந்தார்கள். ஆண், பெண், முதியவர் என்று பாராமல் எதிர்ப்பட்டோரைக் கொன்றார்கள். பன்னிரண்டு பேர் வரையில் மாண்டனர்.

இதைத் தோமியே வரைந்தார். இங்கே கேலி இல்லை, பேரிக்காய் இல்லை, அரசர் இல்லை, வீரர் ஒருவரும் இல்லை. ஓர் அறை. கலைந்த படுக்கை. கவிழ்ந்த நாற்காலி. இரவுச்சட்டையும் குல்லாவும் அணிந்த ஒரு மனிதன் கட்டிலிலே முதுகு சாய்ந்தபடி தரையிலே கிடக்கிறான். அவன் உடலின் கீழே ஒரு குழந்தை. இருளிலே ஒரு பெண்ணின் உடல். மறுபுறத்திலே ஒரு கிழவரின் தலை மட்டும் தெரிகிறது. கீழே தெருவின் பெயரும் ஒரு திகதியும். அவ்வளவே.

நாம் பல தடவை இப்படத்தின் பிரதியைப் பார்த்திருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் கண் முதலிலே போவது வெளிச்சம் விழும் அந்தச் சட்டையின்மேல். குழந்தையைப் பிறகுதான் காண்கிறோம். அதைக் கண்டபின் மறுபடியும் சட்டையைப் பார்க்க முடிவதில்லை. இரத்தத்தைக் கொட்டிக் காட்டும் படங்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு. இதில் இருப்பது நித்திரையிலிருந்து எழுப்பப்பட்ட ஒரு குடும்பம். அதுவே மனத்தைப் பிசைகிறது.

பத்திரிகைக்கு விதிக்கப்பட்ட அபராதங்களைக் கட்டுவதற்காகச் சந்தாதாரருக்கு மாதமொரு பெரிய படம் அனுப்பும் திட்டமொன்றைப் பிலிப்போன் நடத்திவந்தார். அதிலே இது வெளியாயிற்று. படக்கடைச் சாளரத்திலே தொங்கவிட்டபோது மக்கள் வந்து கூடிநின்றார்கள். பொலிசார் கல்லையும், அகப்பட்ட பிரதிகளையும் கைப்பற்றிக்கொண்டனர். அத்திட்டத்தின் கடைசிப் படமும் இதுவே.

மறு ஆண்டு ஜூலையில் அரசரைக் கொல்ல ஒரு முயற்சி நடந்தது. அரசர் தப்பினார், உடன்வந்தோரும் பார்த்துநின்றோருமாகப் பலர் மாண்டனர். அதைச் சாட்டாக வைத்துச் செப்டெம்பரிலே கடுஞ்சட்டங்கள் பிறந்தன. அவற்றில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று: கட்டுரையை அச்சிடுமுன் அனுமதி பெறவேண்டியதில்லை, படத்துக்கோ முன் அனுமதி வேண்டும். எழுத்து அறிவோடு பேசுவது, படம் கண்ணோடு பேசுவது, ஆகையால் படமே அபாயம் என்பது அரசினர் கட்சி. சித்திரக்காரருக்கு இதைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரத்தை எந்த அகாதமியும் கொடுத்ததில்லை.

அரசியலைத் தொட முடியாதென்றானதும் தோமியே ஊராரைத் தொட்டார். மேடை நாடகமொன்றில் வரும் ரொபேர் மக்கேர் என்னும் எத்தனை எடுத்து, அவனைப் பங்குக் கம்பெனி தொடங்குபவனாகவும், வைத்தியனாகவும், நியாயவாதியாகவும், கலியாணத் தரகனாகவும் நூறு வேடத்தில் உலவவிட்டார். அதன்பின் வீட்டுக்காரர், வாடகைக்காரர், மீன்பிடிக்கப்போய் நாள்முழுதும் ஒன்றும் அகப்படாத கணவர் என்று பட்டணத்து நடுத்தரக் குடும்பம் முழுவதும் ‘ஷரிவாரி’யின் பக்கங்களிலே வந்து நின்றது. படத்தின் கீழுள்ள உரையாடல்கள் பெரும்பாலும் பிறர் எழுதியவை. அவற்றை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் படம் பேசும்.

1845 முதல் வெளிவந்த நீதிமன்ற வரிசையையே நாம் அவருடைய கேலியின் உச்சமென்போம். கட்சிக்காரனுக்காகக் கண்ணீர் வடிக்கும் அப்புக்காத்து, வழக்கில் தோற்றும் அங்கியின் மடிப்புக் கலையாமல் இறங்கிவரும் அப்புக்காத்து, உறங்கும் நீதவான் என்று அன்று பிஸ்கால் உத்தியோகத்தரின் பின்னே ஓடிய பையன் பார்த்ததெல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது.

எல்லாம் நேர்மையான கேலி என்று நாம் சொல்லமாட்டோம். நூலெழுதப் புகுந்த பெண்களையும் உரிமை கேட்ட பெண்களையும் அவர் 1840களில் வரிசை வரிசையாக ஏளனம் செய்தார். அடுப்பில் பால் பொங்க, குழந்தை தொட்டியிலே தலைகீழாக விழ, தாய் எழுதிக்கொண்டிருப்பதாக வரைவது எளிது. ஏழைக்குக் கண் கொடுத்தவர் இங்கே காலத்தின் கண்ணாடியை மாட்டிக்கொண்டுவிட்டார்.

1848இலே மீண்டும் புரட்சி. லூயி பிலிப்பும் நாட்டை விட்டு ஓடினார். புதிய குடியரசைக் குறிக்கும் ஓவியத்துக்குப் போட்டி வைத்தார்கள். தோமியேயின் மாதிரி தெரிவுபெற்றவற்றுள் ஒன்று. வலிமை வாய்ந்த ஒரு தாய் இரு பிள்ளைகளுக்குப் பாலூட்ட, காலடியிலே மூன்றாவது பிள்ளை புத்தகம் படிக்கிறது. பெரிய அளவில் அதை வரைந்து முடிக்க அவரால் இயலவில்லை. அதற்குள் அரசியல் திரும்பிவிட்டது. லூயி நெப்போலியனின் அடியாட்களைக் குறித்து, முறுக்கு மீசையும் நசுங்கிய தொப்பியும் தடியும் கொண்ட ரத்தாபுவால் என்னும் பாத்திரத்தை உருவாக்கி, அதனைச் சிலையாகவும் வடித்தார். 1851 டிசம்பரிலே லூயி நெப்போலியன் ஆட்சியைக் கவிழ்த்தபின் அந்தச் சிலையை வீட்டில் வைத்திருப்பதே ஆபத்தாயிற்று. மனைவியார் அதை ஒளித்து ஒளித்துக் காப்பாற்றினார் என்பர். அந்த அம்மையார் தையல்வேலை செய்தவர். 1846இலே தோமியேயை மணந்தவர். சேன் நதியின் நடுவிலுள்ள தீவொன்றில், நதிக்கரையோரத்து வீட்டிலே, இருவரும் வாழ்ந்தனர்.

அவ்வீட்டிலிருந்து பார்த்தால், நதியில் துணி வெளுத்து, ஈரமூட்டையைச் சுமந்து, குழந்தையின் கையைப் பிடித்துப் படியேறி வரும் பெண்கள் தெரிவார்கள். அவர்களைத் தோமியே எண்ணெய் வர்ணத்தில் திரும்பத் திரும்பத் தீட்டினார். ஓவியராக வேண்டுமென்பதே அவருடைய உள்ளக்கிடக்கை. ஆனால் வாரந்தோறும் அச்சுக்கூடத்திலிருந்து வெறுங்கற்கள் வந்து வாசலிலே காத்து நின்றன. அவற்றை நிரப்பினாற்றான் அடுப்பெரியும். நாலாயிரத்துக்குக் கிட்டிய கல்லச்சுப் படங்கள். அவற்றோடு பல்சாக் முதலியோரின் நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்குமாக மரக்கட்டை அச்சுக்கு வரைந்தவை ஏறக்குறைய ஆயிரம். இவ்வளவுக்கும் இடையே தூரிகை எடுக்க அவருக்கு எஞ்சிய நேரம் எவ்வளவு?

1860இலே ‘ஷரிவாரி’ அவரை வேண்டாமென்று நிறுத்தியது. நாற்பது ஆண்டுச் சேவையில் ஏறக்குறைய முப்பது கழிந்திருந்தது. வருவாய் போயிற்று, வறுமை வந்தது, ஆனால் நேரமும் வந்தது. சந்தாதாரர் வெறுத்ததால் நமக்குக் கிடைத்தவை அவருடைய சிறந்த ஓவியங்கள் சில. ‘மூன்றாம் வகுப்பு வண்டி’ என்னும் ஓவியம் அக்காலத்தது. மரப்பலகை ஆசனத்திலே பாலூட்டும் ஒரு தாய். மடியிலே கூடையை வைத்து அதன்மேல் இரு கைகளையும் ஊன்றிய ஒரு கிழவி. அருகிலே உறங்கிவிழும் ஒரு சிறுவன். பின்னாலே தலைகளும் தொப்பிகளும். நம் நாட்டு மூன்றாம் வகுப்புப் பெட்டியிலே இரவுப் பிரயாணம் செய்தவர்கள் அந்தக் கிழவியை எங்கோ பார்த்திருப்பார்கள். நியூயோர்க் மியூசியத்திலுள்ள படம் முற்றுப்பெறவில்லை. அளவு பிரித்த கட்டக்கோடுகள்கூட வர்ணத்தினூடே தெரிகின்றன.

மூன்று ஆண்டுகளின் பின் பத்திரிகை அவரைத் திரும்ப அழைத்தது. போனார். 1870இல் அரசாங்கம் கௌரவப் பட்டம் ஒன்றை அளிக்க முன்வந்தது, ஆரவாரமில்லாமல் மறுத்துவிட்டார். அவ்வாண்டுப் போரும், மறு ஆண்டு வந்த தோல்வியும் அழிவுமே அவருடைய கடைசிப் பெரிய படங்களின் பொருள். 1872க்குப் பிறகு கல்லிலே அவர் வரையவில்லை. கண்ணொளி மங்கிவிட்டது.

பாரிசுக்கு அப்பால் வால்மொந்துவா என்னும் கிராமத்திலே அவர் குடியிருந்த சிறு வீடு கைவிட்டுப் போகும் நிலைக்கு வந்தபோது, இயற்கைக் காட்சிகளைத் தீட்டிப் புகழ்பெற்ற கோரோ என்னும் முதிய ஓவியர் அவருக்குத் துணைநின்றார். வீட்டைத் தாமே வாங்கி நண்பருக்கு அளித்தார் என்று கூறுவர். கோரோ 1875இல் காலமானார்.

1878ஆம் ஆண்டு, தோமியேயின் ஓவியங்களை ஒருசேரக் காட்டும் கண்காட்சி ஒன்றை நண்பர்கள் பாரிசிலே நடத்தினார்கள். விக்டர் யூகோ கௌரவத் தலைவர். பார்த்தவர்கள் வியந்தனர், பத்திரிகைக்குப் படம் போட்டவரா இவர் என்றனர். ஆனால் வந்த கூட்டம் சிறிது, செலவுக்கே கட்டவில்லை. ஓவியர் என்று தம்மை உலகம் முதன்முறையாகப் பார்த்த அந்த வருடத்திலே, அந்த ஓவியங்களைச் சரிவரப் பார்க்கக்கூடிய கண் தோமியேக்கு இல்லை.

மறு ஆண்டு பெப்ரவரி 10ஆம் திகதி வால்மொந்துவாவிலே அவர் உயிர் நீத்தார். கிராமத்து மயானத்திலே அடக்கம் செய்தார்கள். 1880இல் அவருடைய உடலை எடுத்துச் சென்று பாரிசின் பேர் லாஷேஸ் மயானத்திலே, கோரோவின் கல்லறைக்கு அண்மையில் வைத்தார்கள்.